செம்போத்து வைத்தியரின் கல்குழி மருந்து

ஒரு காட்டின் நடுவே குட்டை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி ஒரு மாட்டு மந்தை வாழ்ந்து வந்தது. எல்லாம் ஊர் மாடுகள். ஒரு பஞ்சத்தில் ஊர்க்காரர்கள் அவிழ்த்துவிட, காட்டுக்குள் வந்து அங்கேயே தங்கிவிட்டவை. கூடவே பத்துப் பதினைந்து வெள்ளாடுகளும் இருந்தன. காட்டுக்கு வந்தாலும் அவை ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. ஒரு தலைவர் வேண்டும், ஒரு வைத்தியர் வேண்டும், இருவரையும் கேள்வி கேட்காத ஒரு கூட்டம் வேண்டும். மூன்றும் அங்கே இருந்தன.

தலைவர் பெரியகொம்பன் என்ற காளை. கொம்பு பெரியதாக இருந்ததால் தலைவரானார். வேறு காரணம் உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை.

வைத்தியர் ஒரு செம்போத்துப் பறவை. செம்போத்தின் கூட்டில் சஞ்சீவி வேர் இருக்கும் என்று மனிதர்கள் சொல்லிக்கொள்வதை மாடுகள் ஊரில் இருந்தபோதே கேட்டிருந்தன. இந்தச் செம்போத்தின் கூட்டை இதுவரை எவரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் காய்ந்த புல்லும் நாலு நத்தை ஓடும் தெரிந்திருக்கும். ஆனால் பார்க்காமல் நம்புவதில் ஒரு வசதி உண்டு. கழுத்து வலிக்காது.

மழைக்காலம் முடிந்ததும் மந்தைக்குக் கோமாரி வந்தது. முதல் நாள் ஒரு கிழட்டு எருது வாயில் நுரை ஒழுக நின்றது. நாக்கெல்லாம் கொப்புளம். குளம்பிடுக்கில் புண். மூன்றாம் நாள் ஏழு மாடுகள் அப்படி நின்றன. புல் கண்ணெதிரே இருந்தது. கடிக்க வாய் இல்லை.

பெரியகொம்பன் கூட்டம் போட்டார். செம்போத்து அவருடைய கொம்பின் மேல் வந்து உட்கார்ந்தது.

"வைத்தியரே, ஏதாவது செய்யணுமே" என்றார் பெரியகொம்பன்.

"செய்யலாம். எங்க பாட்டன் காலத்து மருந்து இருக்கு. வேப்பங்கொழுந்தும் குப்பைமேனியும் சேர்த்து மிதிச்சுச் சாறெடுக்கணும். கூட நான் ஒரு வேர் போடுவேன். அது என்ன வேருன்னு கேட்கக் கூடாது."

"நாங்க ஏன் கேட்கப் போறோம்" என்றார் பெரியகொம்பன். அவர் சொன்னது முழு உண்மை.

குட்டைக்கரையில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் நடுவில் அண்டா அளவுக்கு ஒரு குழி. செம்போத்து மருந்தை அதில்தான் ஊற்றச் சொன்னது. காலை, பகல், மாலை என்று மூன்று வேளை. மந்தையில் உள்ள அத்தனை பேரும் வரிசையில் வந்து குழியில் வாய் வைத்து நக்க வேண்டும்.

"நோய் வந்தவங்க மட்டும்தானே?" என்று ஒரு பசு கேட்டது. அதன் பெயர் மயிலை. பிறந்து பத்து நாளான கன்று ஒன்று அதன் வயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. இரண்டுக்கும் இன்னும் நோய் வரவில்லை.

"வந்தவங்களுக்குத் தீரும். வராதவங்களுக்கு வராது. ஒரே மருந்து, இரட்டைப் பலன்" என்றது செம்போத்து.

கூட்டம் தலையாட்டியது. தலையாட்டியதில் நாலைந்து வாயிலிருந்து எச்சில் நூலாக நீண்டு பக்கத்து மாட்டின் முகத்தில் விழுந்தது.

"இன்னொண்ணு. மருந்துக்குப் பத்தியம் உண்டு" என்றது செம்போத்து. "குடிக்கிற காலம் முழுக்க வாலை இடப்பக்கம் ஆட்டக் கூடாது."

"ஈ உட்கார்ந்தா?"

"உட்காரட்டும். ஈ பெரிசா, உசுரு பெரிசா?"

இதற்கு எவரிடமும் பதில் இல்லை. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எவரிடமும் பதில் இருப்பதில்லை. அதனால்தான் அவை கேட்கப்படுகின்றன.

மருந்து தொடங்கியது. நோயுள்ள மாடு நக்கிப் போனதும் நோயில்லாத மாடு அதே குழியில் வாய் வைத்தது. பெரிய மாடுகள் நக்கியபின் கன்றுகள் முட்டி போட்டு நக்கின. மயிலை மட்டும் ஒவ்வொரு வேளையும் கன்றோடு வரிசையின் கடைசியில் நின்று, முறை வருவதற்குள் நழுவிவிடும். பாறையைச் சுற்றி ஈ மொய்த்தது. மாடுகளின் காலடியில் கிளம்பிய வெட்டுக்கிளிகளைச் செம்போத்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது. முன்பெல்லாம் அந்த வெட்டுக்கிளிகளுக்காகக் காடு முழுவதும் தத்தித் தத்தி அலைய வேண்டியிருந்தது. இப்போது அவை வேளை தவறாமல் காலடிக்கே வந்தன. வைத்தியம் ஒரு சேவை என்று அது அடிக்கடி சொல்லிக்கொண்டது.

ஐந்தாம் நாள் மந்தையில் பாதிக்கு நோய் வந்துவிட்டது.

"பாத்தீங்களா" என்றது செம்போத்து. "உள்ளே மறைஞ்சிருந்த நோயை மருந்து வெளியே இழுத்துப் போடுது."

மயிலைக்கு இது சரியாகப் படவில்லை. சரியில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. அது கன்றை அழைத்துக்கொண்டு புதருக்கு அந்தப் பக்கம் இருந்த கீரியைத் தேடிப் போனது.

கீரிக்கும் காட்டில் ஒரு பெயர் உண்டு. பாம்போடு சண்டை போட்டதும் ஓடிப்போய் ஒரு மூலிகைப் பூண்டைத் தின்னும், உடனே விஷம் இறங்கிவிடும் என்பார்கள். கீரி ஒரு புற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. மயிலை வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

"அங்கேயே நில்லுக்கா. கிட்ட வராதே."

"ஏன் தம்பி, எனக்கு நோய் இல்லையே?"

"எனக்கு நோய் வராது. ஆனா என் காலில் ஒட்டிக்கிட்டு உன் கன்னுக்கிட்ட வரலாம். காலையில் அந்தப் பாறைப் பக்கம் போயிட்டு வந்தேன்."

மயிலை நின்ற இடத்திலேயே நின்றது. "நீ விஷத்துக்கே பூண்டு தெரிஞ்சவன். இந்த நோய்க்கு ஒண்ணு சொல்லேன்."

கீரி புற்றின் மேல் மறுபடி உட்கார்ந்தது. பிறகு, "எனக்கு ஒரு பூண்டும் தெரியாதுக்கா" என்றது.

"சும்மா சொல்லாதே. பாம்பு கடிச்சா ஓடிப்போய்த் தின்பியாமே?"

"பாம்பு கடிக்காதபடிக்குத் தாவுவேன். அதுதான் எனக்குத் தெரிஞ்ச மருந்து. சண்டை முடிஞ்சா பசிக்கும். ஓடிப்போய் எலி தேடுவேன். அதை எவனோ தூரத்திலிருந்து பார்த்திருக்கான். என் அத்தை மகனும் பூண்டு கதையை நம்பினான். கடிபட்டா பார்த்துக்கலாம்னு அலட்சியமா இருந்தான். நல்லாக் கடிபட்டான். பூண்டைத் தேடித் தேடியே செத்தான்."

"அப்போ இத்தனை நாளா ஏன் மறுக்கலை?"

"மறுத்தேன். அடக்கமா பேசறான்னு சொன்னாங்க."

மயிலைக்குச் சிரிப்பு வந்தது. கன்றைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. "அந்தச் சாறு நல்லதா கெட்டதா? அதையாவது சொல்லு."

"தெரியாது. வேம்பு நல்ல செடிதான். குப்பைமேனியும் நல்ல செடிதான். இந்த நோயை அது கொல்லுமான்னு எனக்குத் தெரியாது. வைத்தியருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரியும். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம். அது ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லை." கீரி குரலைத் தாழ்த்தியது. "ஆனா சாறு இருக்கிற குழியைப் பார்த்தேன். அதில் மேலே மிதக்கிறது இலைச் சாறு இல்லை. எச்சில்."

மறுநாள் கீரி குட்டைக்கரைக்குப் போயிற்று. மந்தை கூடியிருந்தது. கீரி கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, அந்த மருந்து நோயைக் கொல்லும் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டது.

செம்போத்து கோபப்படவில்லை. இப்படி ஒருவன் வர வேண்டும் என்று காத்திருந்தது போல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவரச் சொன்னது. கிழட்டு எருதின் வாய் நுரையைச் சிரட்டையில் பிடித்தார்கள். செம்போத்து அதில் சாற்றை ஊற்றியது. நுரை அடங்கிப்போயிற்று.

"செத்துப்போச்சு" என்றது செம்போத்து. "நோய் செத்ததை எல்லாரும் கண்ணால பாத்தீங்க."

மந்தை பரவசமடைந்தது. கால் புண்ணோடு இருந்தவைகூட ஒரு முறை துள்ளப் பார்த்தன.

கீரி இன்னொரு சிரட்டை கேட்டது. அதிலும் நுரை பிடிக்கச் சொல்லி, குட்டை மணலை ஒரு பிடி அள்ளிப் போட்டது. நுரை அடங்கிப்போயிற்று.

துள்ளப் பார்த்தவை காலைக் கீழே வைத்தன.

"சிரட்டைக்குள்ளே நுரை அடங்கறதும் மாட்டுக்குள்ளே நோய் அடங்கறதும் ஒண்ணில்லை" என்றது கீரி. "மணல் போட்டாலும் அடங்குது."

பெரியகொம்பன் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "அப்போ மணலும் மருந்துதானா வைத்தியரே?" என்றார்.

"சந்தேகமென்ன" என்றது செம்போத்து.

அன்று மாலையிலிருந்து குழியில் இலைச் சாற்றோடு மணலும் சேர்ந்தது. கீரியின் கண்டுபிடிப்புக்கு மந்தை நன்றி தெரிவித்தது. கீரி கல்லை விட்டு இறங்கிப் போய்விட்டது. தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மாடுகளின் பல்லாவது மிஞ்சியிருக்கும் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் செவலையின் கன்று செத்தது.

செவலை மயிலையின் கூட்டாளி. இரண்டும் ஒரே வாரத்தில் ஈன்றவை. செவலையின் கன்றுக்கு வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லை. காலையில் பால் குடித்தது. நாலடி நடந்தது. விழுந்தது. அவ்வளவுதான்.

செவலை வைத்தியரிடம் போய், "மூணு வேளையும் நானே கூட்டிட்டு வந்தேனே. ஒரு வேளை தவறலையே" என்றது.

"வால்?" என்றது செம்போத்து.

"அது சின்னக் கன்னு. அதுக்கு என்ன தெரியும்?"

"கன்னு ஆட்டலைன்னா தாய் ஆட்டியிருப்பே. பால் கொடுக்கிறவளுக்கும் பத்தியம் உண்டு. நல்லா நினைச்சுப் பாரு."

செவலை நினைத்துப் பார்த்தது. முந்தாநாள் மத்தியானம் முதுகில் ஒரு ஈ கடித்தது. வாலை வீசியது நினைவிருந்தது. எந்தப் பக்கம் என்று நினைவில்லை. இடப்பக்கமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டது.

அதன் பிறகு செவலை வாலையே ஆட்டவில்லை. பின்னங்கால் இடுக்கில் வாலைச் செருகிக்கொண்டு நின்றது. ஈ உடம்பெல்லாம் அப்பியது. கண்ணிலும் மூக்கிலும்கூட உட்கார்ந்தது. அது அசையவில்லை.

"வாலை ஆட்டுடி. ஈ தின்னுடும் போலிருக்கே" என்றது மயிலை.

"நான்தான் கொன்னேன் மயிலை" என்றது செவலை.

அன்றே இன்னும் இரண்டு கன்றுகள் விழுந்தன. இரண்டின் தாய்களும் வாலை இடப்பக்கம் ஆட்டியிருந்தன என்பது விசாரணையில் தெரியவந்தது.

மயிலை மறுபடி கீரியிடம் போயிற்று. இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. "என் கன்னு பிழைக்கணும். நான் என்ன செய்ய?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் போ. மேட்டுக்குப் போ. தண்ணியை மேலே ஓடுற இடத்தில் குடி. நோய் தீர்ற வரைக்கும் மந்தையில் யாரும் கிட்ட வரக் கூடாது. நானும் வர மாட்டேன்."

"போனா பிழைக்குமா?"

"தெரியாது."

"அந்தப் பக்கம் சிறுத்தை இருக்கு."

"இருக்கு."

"மந்தையில் இருந்தா பெரியகொம்பன் இருக்கார். சிறுத்தை கிட்ட வராது."

"ஆமா. இங்கே சிறுத்தை வராது, நோய் வரும். அங்கே நோய் வராம இருக்கலாம், சிறுத்தை வரலாம். எது பெரிசுன்னு என்கிட்ட கேட்காதேக்கா. நான் சொல்லி நீ போய், கன்னைச் சிறுத்தை தூக்கிட்டுப் போனா, நான் செம்போத்தைவிட எந்த விதத்தில் உசத்தி? அவரு வாலைக் காரணம் சொல்வார். நான் என்ன சொல்வேன்?"

"நீ சொல்லிப் போகலை. நான் பார்த்துப் போறேன்" என்றது மயிலை.

அது கிளம்புவது பெரியகொம்பனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பாறைப் பக்கம் நின்றபடியே முழங்கினார். "மருந்து வேண்டாம்னு போறவளுக்கு மந்தையும் இல்லை. சிறுத்தை வந்து கத்தினா ஒரு கொம்பும் அந்தப் பக்கம் திரும்பாது. தெரிஞ்சுக்கோ."

"தெரிஞ்சுக்கிட்டேன் பெரியவரே" என்றது மயிலை. கன்றை முன்னால் விட்டு ஓடையில் இறங்கியது.

கீரி சும்மா இருக்கவில்லை. அந்தச் செடி நல்லதா என்ற கேள்வி அதை அரித்துக்கொண்டிருந்தது. எச்சில் குழியை வைத்துக்கொண்டு இலையைத் திட்டுவதும் ஒரு வகை மூடத்தனம்தானே என்று அதற்குத் தோன்றியது. மந்தையில் ஒரு வெள்ளாட்டுக் கிடா இருந்தது. நீளமான தாடி, அதைவிட நீளமான நாக்கு. அதற்கு நாலு காலிலும் புண்.

"உன் காலைக் கொஞ்ச நாளைக்குக் கடன் கொடு" என்றது கீரி.

"எடுத்துக்கிட்டுப் போ. எனக்கும் இது வேண்டாம்னுதான் இருக்கு" என்றது கிடா.

கீரி வேப்பிலையையும் குப்பைமேனியையும் மென்று விழுதாக்கியது. கிடாவின் வலது முன்னங்காலிலும் வலது பின்னங்காலிலும் தடவியது. இடப்பக்கக் கால்களை வெறும் தண்ணீரில் கழுவியதோடு விட்டுவிட்டது.

"ஏன்யா, இந்த ரெண்டும் உன் மாமியார் வீட்டுக் காலா?" என்றது கிடா.

"அதுக்கும் தடவிட்டா இலையினால ஆறுச்சா, தானா ஆறுச்சான்னு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஆறினா போதும். தெரிய வேண்டாம்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றது கீரி.

எட்டு நாள் போயிற்று. வலப்பக்கப் புண் முதலில் காய்ந்தது. ஈ மொய்க்கவில்லை. இடப்பக்கம் ஒரு காலில் புழு வைத்து, அதையும் கீரியே பல்லால் எடுத்துப் போட வேண்டியிருந்தது. காய்ச்சலும் வாய்ப்புண்ணும் மட்டும், மருந்து நக்கிய மாடுகளுக்கு எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாள்தான் கிடாவுக்கும் இருந்தது.

"இலை புண்ணுக்கு நல்லது மாதிரித் தெரியுது" என்றது கீரி. "நோய்க்கு என்ன செய்யும்னு தெரியலை."

"மாதிரித் தெரியுதா? எட்டு நாளா என் காலைப் பிடிச்சுட்டு, மாதிரித் தெரியுதுங்கிறியே."

"ஒரு ஆட்டை வெச்சு முடிவு சொல்லக் கூடாது. இன்னும் பத்து ஆடாவது வேணும்."

"செம்போத்து ஒரு சிரட்டையிலேயே முடிவு சொல்லிட்டார். நீ பத்து ஆடு கேட்கிறே. யாருகிட்ட கூட்டம் போகும்னு நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டு, கிடா வலது கால்களை மட்டும் அழுத்தி ஊன்றிக்கொண்டு போயிற்று.

இதற்குள் பெரிய மாடுகள் தேறத் தொடங்கிவிட்டன. கோமாரியில் பெரிய மாடுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். மருந்து கொடுத்தாலும் தேறும், மணல் கொடுத்தாலும் தேறும், திட்டினாலும் தேறும். போவது கன்றுகள்தான், கொப்புளம் வருவதற்கு முன்பே நெஞ்சு நின்று. ஆனால் தேறிய ஒவ்வொரு மாடும் பாறை மேல் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று செம்போத்து ஒரு வழக்கம் கொண்டுவந்தது.

"வாய் திறக்க முடியாம இருந்தேன். மூணு வேளை நக்கினேன். இன்னைக்கு நாணல் மெல்லறேன்" என்றது ஒரு பசு.

"நான் நடக்க முடியாம இருந்தேன். வைத்தியர் மகராசனா இருக்கணும்" என்றது ஓர் எருது.

இப்படிப் பதினாறு சாட்சிகள். மொத்தம் ஒன்பது கன்றுகளில் ஆறு செத்திருந்தன. அவை சாட்சி சொல்ல வரவில்லை. அவற்றை யாரும் கூப்பிடவும் இல்லை. எல்லாச் சாட்சியும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மந்தை வியந்தது.

ஒரே ஒரு குறை. பாறை மேல் நிறுத்த ஒரு கன்று வேண்டும். குட்டைப் பக்கம் மிஞ்சியிருந்த இரண்டு கன்றுகளும் சோர்ந்து நின்றன. பார்க்க அழகாக இல்லை. அப்போதுதான் ஓடைக்கு அப்பால் மயிலையின் கன்று துள்ளித் திரிவதை உண்ணிக்கொக்கு ஒன்று வந்து சொன்னது. பெரியகொம்பன் கிடாவைத் தூதனுப்பினார். மயிலை வந்து சாட்சி சொன்னால் மந்தையில் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படும்.

கிடா ஓடைக்கரையில் நின்று கத்தி விஷயத்தைச் சொன்னது. மயிலைக்கு மந்தை வேண்டியிருந்தது. இரண்டு முறை சிறுத்தையின் காலடியைப் பார்த்துவிட்டது. கன்றை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு நின்றபடியே தூங்கித் தூங்கி அதன் விலா எலும்பு எண்ணும்படி ஆகிவிட்டது. ஒரு பொய் சொன்னால் போதும். பெரிய பொய்யும் இல்லை. பதினாறு பேர் சொன்ன அதே பொய்.

மறுநாள் காலை மயிலை ஓடைக்கு எதிர்க்கரையில் வந்து நின்றது. தண்ணீரில் இறங்கவில்லை. கன்று பக்கத்தில் நின்றது. இந்தக் கரையில் மந்தை கூடியிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில், வாலைச் செருகிக்கொண்டு செவலை.

"சொல்லும்மா மயிலை" என்றது செம்போத்து இனிமையாக. "கன்னு எப்படிப் பிழைச்சது?"

மயிலை வாயைத் திறந்தது. பெரியகொம்பனைப் பார்த்தது. கொம்பு பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டே பொய்யைச் சொல்லியிருக்கும். நடுவில் கண் செவலையின் மேல் பட்டுவிட்டது. செவலையின் முகத்தில் ஈ கறுப்பாக அப்பியிருந்தது.

"என் கன்னு உங்க மருந்தை ஒரு சொட்டு நக்கலை" என்றது மயிலை. "நாங்க குழிக்கிட்டயே வரலை. அதனாலதான் பிழைச்சதான்னு எனக்குத் தெரியாது. ஆனா நக்கலை."

கூட்டம் செம்போத்தைப் பார்த்தது. செம்போத்து ஒரு நொடிதான் தடுமாறியது.

"மருந்தோட மகிமை அது" என்றது. "காத்துல வாசம் போயிருக்கு. ஓடை தாண்டிப் போயிருக்கு. வாசமே காப்பாத்தியிருக்கு."

மந்தை "ஆகா" என்றது. மருந்து தாங்கள் நினைத்ததைவிடப் பெரியது என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

"வைத்தியரே" என்று ஒரு குரல் கேட்டது. செவலை. பல நாளாக அது பேசியே யாரும் கேட்டதில்லை. "ஓடை தாண்டி அந்தக் கன்னைக் காப்பாத்தின வாசம், குழிக்குள்ளேயே மூக்கை வெச்சிருந்த என் கன்னை ஏன் காப்பாத்தலை?"

"அதுதான் சொன்னேனே. பத்தியம்."

"மயிலை, உன் கன்னு பத்தியம் இருந்துச்சா?"

மயிலை பதில் சொல்வதற்குள் ஒரு ஈ வந்து கன்றின் முதுகில் உட்கார்ந்தது. கன்று வாலை இடப்பக்கம் வீசியது. ஈ வலப்பக்கம் போயிற்று. அந்தப் பக்கமும் வீசியது. மறுபடி இடப்பக்கம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நாளும் இப்படித்தான் ஆட்டுது" என்றது மயிலை.

செவலை அந்தக் கன்றின் வாலையே பார்த்தது. அதற்கு இரண்டு விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தன. முதலாவது, கன்றைக் கொன்றது வால் இல்லை. அதில் ஒரு நிம்மதி வந்தது. இரண்டாவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை, கன்று வர மாட்டேன் என்று பின்வாங்கியபோதும் தலையால் முட்டி முட்டி அந்தக் குழிக்குக் கூட்டிப் போனது தான்தான். வந்த நிம்மதி வந்த வழியே போயிற்று.

செவலை நடந்து பாறைக்குப் போயிற்று. குழியில் அன்றைய மருந்து பச்சையாகத் தளும்பிக்கொண்டிருந்தது. செவலை திரும்பி நின்றது. நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டது. குழி நிறையச் சாணம் போட்டது. நிதானமாக, அவசரமில்லாமல் போட்டது. பிறகு தலைவரைப் பார்த்தது. பெரியகொம்பன் அவ்வளவு பெரிய கொம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வேறு பக்கம் பார்த்தார்.

மிஞ்சியிருந்த இரண்டு கன்றுகளின் தாய்களும் ஒன்றையொன்று பார்த்தன. கன்றுகளைத் திருப்பிக்கொண்டு கிளம்பின.

"மயிலை பக்கம் போகாதீங்க" என்று கீரி தூரத்திலிருந்து கத்தியது. "உங்க கன்னுகளுக்கு உள்ளே நோய் இருக்கலாம். தனியாப் போங்க. ஒருத்தரை விட்டு ஒருத்தர் தள்ளி நில்லுங்க."

அந்த இரண்டு கன்றுகளில் ஒன்று பிழைத்தது. மற்றொன்று மூன்றாம் நாள் விழுந்தது. அதன் தாய் கீரியிடம் வந்து ஏன் என்று கேட்டது. கீரி, "தெரியலைம்மா. நாலு நாள் முன்னாடியே உங்களைப் போகச் சொல்லியிருந்தா பிழைச்சிருக்குமோ என்னவோ. நான் அப்போ ஆட்டுக் காலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றது. அந்தத் தாய் கீரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கீரிக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மாதத்தில் நோய் தானாக அடங்கியது. மயிலை கன்றோடு மந்தைக்குத் திரும்பியது. சேர்ப்பதா வேண்டாமா என்று பெரியகொம்பன் யோசித்து முடிப்பதற்குள் செவலை நகர்ந்து அதற்கு இடம் விட்டது. அந்தக் கன்று இரண்டு மடியிலும் பால் குடித்து வளர்ந்தது.

செம்போத்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மந்தை இருக்கிறது. அங்கே போய், முன்பு பார்த்த மந்தையில் பதினாறு பேரைக் குணப்படுத்தியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கணக்கு சரிதான். ஒன்றுகூடப் பொய் இல்லை.

மருந்து நல்லதா என்று பிழைத்தவரை மட்டும் கேட்டால், உலகத்தில் எல்லா மருந்தும் நல்ல மருந்துதான்.